துணைக்கு வந்த போர் விமானங்கள்: மொராக்கோ மன்னரின் போயிங், 1972

1972 ஆகஸ்ட் 16, மாலை நான்கு மணி சுமாருக்கு, மத்தியதரைக் கடலைத் தாண்டி ஒரு போயிங் 727 மொராக்கோவின் வடகரைக்குள் நுழைந்தது. உள்ளே மன்னர் இரண்டாம் ஹசன். பிரான்சில் சில வாரம் தங்கிவிட்டு, வழியில் பார்சிலோனாவில் இறங்கி ஸ்பெயின் வெளியுறவு அமைச்சரைச் சந்தித்துவிட்டு, தலைநகர் ரபாத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். தெத்துவான் நகருக்கு மேலே வந்தபோது பக்கத்தில் எஃப்-5 போர் விமானங்கள் தெரிந்தன. சின்னத்தைப் பார்த்தால் மொராக்கோவின் சொந்த விமானப் படை. மன்னர் நாடு திரும்புகிறார், படை எதிர்கொண்டு அழைக்க வந்திருக்கிறது. உள்ளே இருந்தவர்கள் வேறு எதையும் நினைக்கக் காரணம் இருக்கவில்லை.

சிறிது நேரத்தில் அதே விமானங்கள் சுட ஆரம்பித்தன.

நாட்டுத் தலைவர் நடுவானில் மாட்டிக்கொள்ளும் ஆக்‌ஷன் படங்களுக்கு ஒரு வாய்ப்பாடு உண்டு. எதிரி மாறுவேடத்தில் விமானத்துக்குள் ஏறியிருப்பான். தலைவர் சரக்கு அறையில் ஒளிந்து, ஒவ்வொருவனாக அடித்து வீழ்த்துவார். கடைசியில் தப்பிப்பதற்கென்று ஒரு தனிக் கூண்டு இருக்கும். (அமெரிக்க அதிபரின் விமானத்திலேயே அப்படி ஒரு கூண்டு கிடையாது.) 1972-இல் நடந்தது இந்த வாய்ப்பாட்டில் அடங்காது. எதிரி வெளியே இருந்தான், சீருடையில் இருந்தான், அங்கே இருக்க அவனுக்கு முழு உரிமையும் இருந்தது. தலைவரோ இருக்கையில் கட்டுண்ட ஒரு பயணி, அவ்வளவுதான்.

இந்தச் சம்பவத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் மன்னரின் அதிர்ஷ்டத்தை வியப்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அதிர்ஷ்டம் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் தோல்விக்கான வித்து சதித்திட்டத்துக்குள்ளேயே இருந்தது என்பது என் வாசிப்பு. எந்த வேடம் அந்தப் போர் விமானங்களை மன்னருக்கு அவ்வளவு அருகில் கொண்டுபோய் நிறுத்தியதோ, அதே வேடம்தான் அவற்றின் கையையும் கட்டியது.

அதற்கு முந்தைய ஆண்டு

கதை 1971 ஜூலை 10-இல் தொடங்குகிறது. ரபாத்துக்குத் தெற்கே கடற்கரையில் உள்ள ஸ்கிராத் அரண்மனையில் மன்னரின் 42-ஆவது பிறந்தநாள் விருந்து. அஹெர்மூமூ ராணுவப் பள்ளியின் பயிற்சி மாணவர்கள், ஆயிரத்துக்கும் மேற்பட்டோர், லாரிகளில் வந்து இறங்கி விருந்தினர்களைச் சுட்டார்கள். ஏறக்குறைய நூறு பேர் இறந்தார்கள், பெல்ஜியத் தூதர் உட்பட. மன்னர் ஒரு கழிப்பறையில் ஒளிந்து உயிர் பிழைத்தார். அந்தக் கலகத்தின் பின்னணியில் இருந்தவர்களில் ஒருவரான ஜெனரல் மெத்பூ, அரண்மனையிலேயே மன்னருக்கு மிக அருகில் இருந்த அதிகாரி. மூன்றே நாளில் பத்து அதிகாரிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள், அவர்களில் நால்வர் ஜெனரல்கள்.

இதன் பிறகு மன்னர் எடுத்த முடிவுதான் நம் ஆய்வுக்கு முக்கியம். ராணுவத்தை நம்ப முடியாது என்று தெரிந்துவிட்டது. அதைக் கட்டுக்குள் வைக்க ஒரு இரும்புக் கை வேண்டும். அந்தக் கை ஜெனரல் முகமது ஊஃப்கிர். பல ஆண்டுகள் உள்துறை அமைச்சராக இருந்தவர். எதிர்க்கட்சித் தலைவர் மெஹ்தி பென் பர்கா 1965 அக்டோபரில் பாரிஸ் தெருவில் கடத்தப்பட்டு மாயமான வழக்கில், பிரெஞ்சு நீதிமன்றம் அவர் இல்லாமலேயே ஆயுள் தண்டனை விதித்திருந்தது. அப்படிப்பட்ட பழியைச் சுமந்தவரையும் மன்னர் விட்டுக்கொடுக்கவில்லை. அதற்காகவே பிரான்சுடன் உறவு கசந்தது. ஸ்கிராத்துக்குப் பிறகு ஊஃப்கிர் பாதுகாப்பு அமைச்சரானார்.

பாதுகாப்பைக் கூட்ட வேண்டுமென்றால் யாராவது ஒருவரிடம் அதிகாரத்தைக் குவிக்க வேண்டும். குவித்த மறுநிமிடம் அந்த ஒருவரே மிகப் பெரிய ஆபத்தாகிவிடுகிறார். மெத்பூவிடம் பட்ட பாடத்துக்கு மன்னர் கண்டுபிடித்த மருந்து ஊஃப்கிர். வேலியே பயிரை மேய்ந்ததைப் பார்த்தவர், இன்னும் உயரமாக ஒரு வேலி போட்டார்.

கெனித்ரா

போர் விமானங்கள் கிளம்பிய இடம் கெனித்ரா விமானத் தளம். ரபாத்துக்கு வடக்கே சுமார் 40 கிலோமீட்டர். அமெரிக்கக் கடற்படை பல காலம் பயன்படுத்திய தளம், அப்போதும் அங்கே அமெரிக்கர்கள் இருந்தார்கள். விமானங்களும் அமெரிக்காவில் செய்தவைதான். தளத்தின் தலைவர் லெப்டினன்ட் கர்னல் முகமது அமெக்ரான். வானில் தாக்குதலை நடத்தியவர் மேஜர் குவைரா.

இந்தத் திட்டத்தில் அழகு என்று ஒன்று இருந்தால் அது அதன் சிறிய அளவு. ஸ்கிராத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்ட மாணவர்களை லாரியில் ஏற்றிக் கொண்டுவர வேண்டியிருந்தது. அவர்களில் பலருக்கு எங்கே போகிறோம், யாரைச் சுடுகிறோம் என்பதே தெரியாது. அந்தக் குழப்பத்திலேயே கலகம் சிதறியது. இந்த முறை சதிக்குப் பின்னால் இருந்தவர் ஊஃப்கிரே. ஒரு ஜெனரல், ஒரு தளத் தலைவர், விரல்விட்டு எண்ணக்கூடிய விமானிகள் போதும். மற்றவர்கள் வழக்கமான வேலையைச் செய்கிறோம் என்று நினைத்தபடி எரிபொருள் நிரப்புவார்கள், ஓடுபாதையைத் திறந்துவிடுவார்கள். மன்னருக்குத் துணை விமானம் அனுப்புவது யாருக்கும் சந்தேகம் தராத உத்தரவு.

ஆனால் வழக்கமான வேலை போல நடக்க வேண்டுமென்றால் வழக்கமான சாமான்களோடுதான் போக வேண்டும். வரவேற்கப் போகும் விமானத்தில் ஏவுகணை மாட்டினால் தளத்தில் உள்ள கடைநிலை ஆள்கூட ஏன் என்று கேட்பான். ஆகவே ஏவுகணை இல்லை. மூக்கில் இருக்கும் பீரங்கிகள் மட்டும். அவற்றிலும் நிரப்பியிருந்தவை பயிற்சிக் குண்டுகள் என்றே பெரும்பாலான விவரிப்புகள் சொல்கின்றன. போர்க் குண்டு இலக்கில் பட்டதும் வெடிக்கும், தீ வைக்கும். பயிற்சிக் குண்டு துளை போட்டுக்கொண்டு மறுபக்கம் போய்விடும்.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எஃப்-5-இல் 20 மில்லிமீட்டர் பீரங்கி இரண்டு. ஒவ்வொன்றுக்கும் 280 குண்டு. நிமிடத்துக்கு சுமார் 1,500 குண்டு வேகத்தில் சுட்டால் எல்லாம் தீர்ந்துபோக 11 நொடி. மொத்தப் போரும் அந்த 11 நொடிக்குள். பயணிகள் விமானம் நேராக, நிதானமாகப் போகிறது. போர் விமானம் பின்னாலிருந்து வேகமாக வந்தால் சுடுவதற்குக் கிடைப்பது இரண்டு மூன்று நொடி, பிறகு விலகித் திரும்பி வர வேண்டும். பெரிய இலக்கு, ஆயுதமில்லாத இலக்கு, தப்பிக்க முடியாத இலக்கு. இருந்தாலும் பீரங்கியை மட்டும் நம்பினால் அதை வீழ்த்துவது திரையில் தெரிவது போல ஒரு பொத்தானில் முடிகிற காரியமில்லை.

போதாக்குறைக்கு குவைராவின் பீரங்கி நடுவில் சிக்கிக்கொண்டது. அவர் விமானத்தைக் கைவிட்டு பாராசூட்டில் குதித்தார். கீழே பிடிபட்டார்.

ஒற்றை எஞ்சின்

போயிங்கை ஓட்டியவர் கேப்டன் கப்பாஜ். இந்தச் சம்பவத்துக்கு நாயகன் வேண்டுமென்றால் அவரைத்தான் சொல்ல வேண்டும். ஆனால் அவருக்கு உதவியாக இருந்த விமானத்தின் வடிவமைப்பைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொல்லாமல் நகர எனக்கு மனமில்லை.

727-க்கு எஞ்சின் மூன்று. மூன்றும் வாலில். இரண்டு பக்கவாட்டில், ஒன்று நடுவில். பின்னாலிருந்து சுடுகிறவனுக்கு முதலில் மாட்டுவது எஞ்சின்கள்தான். அவற்றில் இரண்டு செயலிழந்தன. கேட்கும்போது பயங்கரமாக இருக்கிறது. ஆனால் இறக்கையின் கீழ் எஞ்சின் தொங்கும் விமானத்தில் ஒரு பக்கம் போனால் விமானம் அந்தப் பக்கமாக முகத்தைத் திருப்பிக்கொண்டு இழுக்கும். 727-இல் எஞ்சின்கள் எல்லாம் நடுக்கோட்டை ஒட்டி இருப்பதால் அந்த இழுப்பு குறைவு. உந்துவிசை போகும், நேர்கோடு அவ்வளவாகப் போகாது. எரிபொருளோ இறக்கைகளிலும் அவற்றுக்கு நடுவிலும், எஞ்சின்களுக்கு வெகு முன்னால். துளை மட்டும் போடும் குண்டு, தீப்பிடிக்க வைக்கும் குண்டாக இருந்திருந்தால் இந்த ஏற்பாடு எவ்வளவு தூரம் காப்பாற்றியிருக்கும் என்று சொல்ல முடியாது.

உடம்பில் குண்டுத் துளைகள். விமானத்தில் ஒரு துளை விழுந்தால் ஆட்கள் உறிஞ்சி வெளியே எறியப்படுவார்கள் என்பது சினிமா இயற்பியல். விரலளவுத் துளைகள் வழியாகக் காற்று வேகமாகக் கசியும், உள் அழுத்தம் இறங்கும், காது வலிக்கும். விமானி கீழே இறங்கினால் மூச்சுக்குக் குறையில்லை. எப்படியும் அவர் கீழேதான் இறங்கியாக வேண்டும்.

தெத்துவானிலிருந்து ரபாத்துக்கு நேர்கோட்டில் 200 கிலோமீட்டர் சுமார். அடிபட்ட விமானத்தோடு அந்தத் தூரத்தைக் கடக்க வேண்டும். வரைபடத்தை எடுத்துப் பார்த்தால் இன்னொரு விஷயம் உறைக்கும். அந்த வழியில், ரபாத்துக்குச் சற்று முன்னால் இருப்பது கெனித்ரா. சுட்டவர்களின் வீட்டு வாசலைக் கடந்துதான் மன்னர் தன் வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது.

ரேடியோவில் ஒரு குரல்

எல்லோரும் நினைவு வைத்திருக்கும் பகுதி இது. தாக்குதல் நடுவில் போயிங்கிலிருந்து ரேடியோவில் ஒரு செய்தி போனது. தாக்கியவர்கள் சுடுவதை நிறுத்தினார்கள்.

என்ன செய்தி, யார் சொன்னது என்பதில் இரண்டு கதைகள் ஓடுகின்றன. மன்னரே விமானி அறைக்குள் விரைந்து, ஒலிவாங்கியைப் பிடுங்கி, "சுடாதீர்கள், கொடுங்கோலன் செத்துவிட்டான்" என்று கத்தினார் என்பது பிரபலமான கதை. விமானத்தின் மெக்கானிக் பேசுவது போல, மன்னருக்குப் படுகாயம், மற்றவர்களையாவது விடுங்கள் என்று கெஞ்சும் குரலில் செய்தி போனது என்பது இன்னொன்று.

எனக்கு இரண்டாவதுதான் நம்பும்படி இருக்கிறது. மன்னரின் குரலை மொராக்கோவில் யாருக்குத் தெரியாது? வானொலியில் பதினோரு ஆண்டுகளாக உரையாற்றி வந்தவர். அந்தக் குரலே வந்து மன்னர் செத்துவிட்டார் என்று அறிவித்தால் கேட்கிறவன் நம்புவானா? சாதாரண ஊழியன் ஒருவனின் பதறிய குரல் என்றால் நம்புவான், அதோடு கொஞ்சம் கூசவும் செய்வான். முதல் கதை மேலும் மேலும் சொல்லப்படுவதற்குக் காரணம் அதன் வசனம். "கொடுங்கோலன்" என்ற சொல்லைத் தன்மேல் தானே போட்டுக்கொள்ளும் மன்னரை எந்தத் திரைக்கதை ஆசிரியரும் கைவிட மாட்டார்.

யார் பேசியிருந்தாலும் அது ஏன் பலித்தது என்பது முக்கியமான கேள்வி. தாக்கியவர்களுக்கு விமானத்துக்குள் கண் இல்லை, காது இல்லை. உள்ளே ஒரு ஆளை வைத்திருந்தால் ஒரு வார்த்தையில் பொய் அம்பலமாகியிருக்கும். சதியைச் சிறியதாக வைத்ததற்கு இது ஒரு விலை. இன்னொன்று, அவர்களிடம் குண்டு தீர்ந்துகொண்டிருந்தது, தலைவர் பாராசூட்டில் போய்விட்டார். எதிரே புகையைக் கக்கிக்கொண்டு இறங்கும் விமானம். காரியம் முடிந்தது என்று நம்ப அவர்களுக்கும் ஆசை இருந்திருக்கும். கேட்க விரும்பிய செய்தியைக் கேட்டால் யாரும் குறுக்கு விசாரணை செய்வதில்லை.

தரையில்

ரபாத்-சாலே விமான நிலையத்தில் போயிங் ஒற்றை எஞ்சினில் இறங்கியது. வரவேற்க அமைச்சர்கள், தூதர்கள், அணிவகுப்பு வீரர்கள் எல்லோரும் காத்திருந்தார்கள். மன்னர் சட்டென்று அங்கிருந்து விலகினார். மரங்களின் மறைவில் ஒதுங்கி, பிறகு ஆடம்பரமில்லாத ஒரு காரில் நழுவிப் போனார்.

ஏமாந்தது தெரிந்ததும் போர் விமானங்கள் திரும்பி வந்தன. விமான நிலையத்தைத் தாழப் பறந்து சுட்டன. 8 பேர் இறந்தார்கள், சுமார் 40 பேர் காயமடைந்தார்கள். பிறகு ரபாத் அரண்மனையையும் தாக்கின. மன்னர் இரண்டு இடத்திலும் இல்லை. வானில் அவர் எங்கே இருக்கிறார் என்று அங்குலம் பிசகாமல் தெரிந்திருந்தது. தரையில் அவர் ஒரு கார், அவ்வளவுதான். சிறிய திட்டத்துக்கு இரண்டாம் கட்டம் என்று ஒன்று இருக்கவில்லை. வானொலி நிலையத்தைப் பிடிக்க ஆள் இல்லை, தெருவில் டாங்கி இல்லை. விமானம் கடலிலோ மலையிலோ விழுந்திருந்தால் பாதுகாப்பு அமைச்சரே நாட்டை "அமைதிப்படுத்த" வந்திருப்பார். விழவில்லை என்றால் என்ன செய்வது என்று யோசித்ததற்கான அடையாளம் எதுவும் இல்லை.

அன்று இரவு ஊஃப்கிர் ஸ்கிராத் அரண்மனைக்கு வரவழைக்கப்பட்டார். காலையில் பிணமாக இருந்தார். தற்கொலை என்று அரசு அறிவித்தது. உடலில் பல குண்டுக் காயங்கள் இருந்ததாக அவர் குடும்பம் பின்னாளில் சொன்னது. ஒருவர் தன்னைத்தானே எத்தனை முறை சுட்டுக்கொள்ள முடியும் என்ற கேள்விக்கு அரசு பதில் சொன்னதில்லை.

ஜிப்ரால்டரில் ஒரு நாள்

தளத் தலைவர் அமெக்ரான் கதை முடிந்தது என்று புரிந்ததும் ஹெலிகாப்டரில் ஏறி ஜிப்ரால்டருக்குப் போய் பிரிட்டனிடம் அடைக்கலம் கேட்டார். ஒரு நாள்கூட ஆகவில்லை. ஆகஸ்ட் 17-ஆம் தேதியே மொராக்கோ விமானத்தில் ஏற்றித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அங்கே அவருக்கு என்ன காத்திருந்தது என்பது அனுப்பியவர்களுக்குத் தெரியாமல் இருக்க வாய்ப்பில்லை.

அவர் மனைவி ஜெர்மானியர். ஐரோப்பிய மனித உரிமை ஆணையத்தில் பிரிட்டன்மீது வழக்குத் தொடுத்தார். மரணம் நிச்சயம் என்று தெரிந்த இடத்துக்கு ஒருவரை அனுப்புவது மனிதத்தன்மையற்ற நடத்தை ஆகுமா என்பது கேள்வி. தீர்ப்பு வரை போகவில்லை. 1974-இல் சமரசம். பிரிட்டன் தவறை ஒப்புக்கொள்ளாமல் 37,500 பவுண்டு கொடுத்தது. அகதிச் சட்டம் படிப்பவர்களின் நூல்களில் இந்த வழக்கு இன்றும் ஒரு அடிக்குறிப்பாக வந்துபோகிறது. அதற்குள் அமெக்ரான் உயிரோடு இல்லை.

220 பேர்

கெனித்ராவில் ராணுவ நீதிமன்றம் 1972 அக்டோபரில் கூடியது. குற்றவாளிக் கூண்டில் 220 பேர். நவம்பரில் தீர்ப்பு: 11 பேருக்கு மரண தண்டனை, 32 பேருக்குச் சிறை, 177 பேர் விடுதலை. 1973 ஜனவரி 13-இல் அந்த 11 பேரும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அமெக்ரானும் குவைராவும் அதில் அடக்கம்.

இந்த எண்களைச் சற்று நின்று பார்க்க வேண்டும். இரக்கத்துக்குப் பேர்போகாத ஒரு ராணுவ நீதிமன்றமே ஐந்தில் நால்வரை விட்டுவிட்டது என்றால், அன்று மாலை ஓடுபாதையில் நின்ற பெரும்பாலானோருக்கு மன்னரை வரவேற்கத்தான் விமானம் கிளம்புகிறது என்பதைத் தவிர வேறொன்றும் தெரியாது. போயிங்கின் பயணிகள் எதை நம்பினார்களோ அதையேதான் அவர்களும் நம்பியிருக்கிறார்கள்.

மன்னர் பாதுகாப்பு அமைச்சர் என்ற பதவியையே எடுத்துவிட்டு, படைகளின் பொறுப்பைத் தன்னிடம் வைத்துக்கொண்டார். மூன்றாவது வேலி போடவில்லை. 1999 ஜூலையில் இறக்கும்வரை, மேலும் 27 ஆண்டுகள் ஆண்டார்.

ஊஃப்கிரின் மனைவியும் ஆறு குழந்தைகளும் விசாரணை எதுவும் இல்லாமல் அடைத்து வைக்கப்பட்டார்கள். கடைக்குட்டிக்கு அப்போது மூன்று வயது. 1987-இல் பிள்ளைகளில் நால்வர் சுரங்கம் தோண்டி வெளியே வந்து, சில நாளில் மறுபடி பிடிபட்டார்கள். 1991-இல்தான் விடுதலை.

சிறைத்தண்டனை பெற்ற விமானப் படையினரில் ஒரு பகுதியினரை 1973 ஆகஸ்டில் கெனித்ரா சிறையிலிருந்து எடுத்து, ஸ்கிராத் கைதிகளோடு சேர்த்து, நாட்டின் தென்கிழக்கில் தஸ்மமார்ட் என்ற இடத்துக்குக் கொண்டுபோனார்கள். மொத்தம் 58 பேர். தனித்தனி இருட்டு அறைகள், மருத்துவம் இல்லை. அப்படி ஒரு சிறையே இல்லை என்று அரசு சாதித்துவந்தது. அங்கே போனவர்களில் மூன்று ஆண்டு தண்டனை பெற்றவர்களும் உண்டு. மூன்று ஆண்டு முடிந்தது, கதவு திறக்கவில்லை. விமானப் படை அதிகாரி ஒருவரின் மனைவி அமெரிக்கர். அவர் விடாமல் தட்டியதில் அந்த ஒருவருக்கு மட்டும் நிலைமை கொஞ்சம் மாறியது.

1991-இல் கதவைத் திறந்தபோது 28 பேர் உயிரோடு இருந்தார்கள்.